மூன்றாவது தோட்டா

இது கதை இல்லை. நடந்தது, எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. சீருடை போட்டவர்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய் என்ன என்பதையும் இதற்குள்ளேயே சொல்லிவிடுகிறேன். அது போக மீதி அத்தனையும் சத்தியம். மணிகூடப் பார்த்து வைத்திருக்கிறேன்.

என் பெயர் மெர்ல். அலாஸ்காவில், கோடியாக் தீவில், பதினெட்டு வருஷமாகக் கரடி வேட்டைக்கு வழிகாட்டி. வெளியூர்க்காரன் எவனும் வழிகாட்டி இல்லாமல் இங்கே பழுப்புக் கரடியைச் சுட முடியாது, சட்டம் அப்படி. எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ரைஃபிளோடு வருவார்கள். சில பேர், கொழுப்பெடுத்தவர்கள், கைத்துப்பாக்கியோடு வருவார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு ரிவால்வர், அதில் ஐந்தே ஐந்து தோட்டா, எதிரே ஐந்நூறு கிலோ கரடி.

போன வருஷம் வந்த ராய்ஸ் அந்த ரகம். டெக்சாஸ்காரர், அறுபது வயது. வெள்ளை வெளேரென்று மான்கொம்புப் பிடி போட்ட ரிவால்வர். வாயில் எந்நேரமும் லவங்கப்பட்டை மிட்டாய், பக்கத்தில் வந்தாலே அந்த வாசனைதான் முதலில் வரும். கைத்துப்பாக்கியால் கரடி அடித்தவர்கள் பட்டியலில் தன் பேர் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அந்தக் கரடியின் உடம்பில் வேறு யாருடைய குண்டும் இருக்கக் கூடாது.

"டேய் மெர்ல், உன் குண்டு ஒண்ணு என் கரடி மேல பட்டுச்சு, உன்னை இந்தக் கடல்லயே முக்கிடுவேன். நானா கூப்பிட்டாத்தான் சுடணும். புரியுதா?"

"சரி சார்."

"புரிஞ்ச மூஞ்சியாத் தெரியலையே."

எட்டு நாள் இதே பாட்டு. நான் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு என் பூட்ஸ் மேலேயே துப்பினார். "கரடிக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால ஒளியறவனுக்கெல்லாம் பேரு வழிகாட்டியாம்" என்று விமானம் ஓட்டுகிறவனிடம் சொல்லிச் சிரித்தார். அவனும் சேர்ந்து சிரித்தான். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

வந்த முதல் நாளே அவர் தோட்டாப் பெட்டி கடலில் விழுந்துவிட்டது. என்னிடமும் அதே அளவுத் தோட்டா போடுகிற ரிவால்வர்தான், கறுப்பு ரப்பர் பிடி போட்டது. இங்கே வழிகாட்டிகள் அதை நெஞ்சுக்குக் குறுக்கே உறையில் மாட்டிக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கவே போவோம். நாங்கள் தங்கிய கடற்கரைக் குடிலில் என் தோட்டா அடைக்கும் கருவி இருந்தது, பத்துத் தோட்டாவுக்கு வெடிமருந்து இருந்தது. எனக்கு ஐந்து, அவருக்கு ஐந்து அடைத்தேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மருந்தைப் போட்டு, குண்டை வைத்து அழுத்தியபின், பித்தளைக் குப்பியின் வாய் குண்டை இறுக்கிக் கடிக்கும்படி செய்ய வேண்டும். இந்த மாதிரி துப்பாக்கி உதைக்கிற உதைக்கு, கடி இறுகாவிட்டால், இரண்டு முறை சுடுவதற்குள் மீதித் தோட்டாக்களில் உள்ள குண்டுகள் தாமாகவே முன்னால் நழுவி வந்துவிடும். தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை, அதுதான் சிலிண்டர், அதை விட்டு மூக்கை நீட்டும். அப்புறம் சிலிண்டர் சுற்றாது. சுடுவதற்குக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கிற சுத்தியலும் டக்கென்று நின்றுவிடும்.

என்னுடைய ஐந்துக்கும் நன்றாகக் கடி வைத்தேன். அவருடைய ஐந்துக்கும் வைக்கவில்லை. மறதியில்லை, வேண்டுமென்றுதான். துப்பாக்கி சிக்கட்டும், என்னைக் கூப்பிடட்டும், நான் சுடுகிறேன், என் குண்டு அந்தக் கரடியில் ஏறட்டும், பட்டியலாவது மண்ணாவது. அவ்வளவுதான் நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை.

அக்டோபர் இருபத்தேழு, சாயங்காலம் ஐந்தேகால். ஓடைக்கரையில் நாற்பது தப்படியில் கரடி. ராய்ஸ் சுட்டார், பட்டது. கரடி திரும்பி எங்களை நோக்கி வந்தது. இரண்டாவது, அதுவும் பட்டது. மூன்றாவதற்குச் சுத்தியலை இழுத்தார்.

டக்.

"சுடுடா மெர்ல்!"

ரைஃபிள் என் தோளில்தான் இருந்தது. குறிகூட வைத்திருந்தேன். ஆனால் சுடவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தேன். அந்த வாய் கெஞ்சுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது, அதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது?

"மெர்ல்... சுடுப்பா..."

அதற்குள் கரடி அவர் மேல் இருந்தது. நான் சுட்டபோது அது அவரைக் கவ்வி ஆளுயர ஆல்டர் புதருக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. என் குண்டு மண்ணில் பாய்ந்தது. முப்பது தப்படி உள்ளே உடம்பு கிடைத்தது. கரடி கிடைக்கவில்லை, ரிவால்வரும் கிடைக்கவில்லை.

"அவர் கூப்பிட்டதும் சுட்டேன், கரடியின் தோளில் பட்டது, அது விழவில்லை." இதுதான் நான் சொன்ன பொய். எல்லோரும் நம்பினார்கள். டெக்சாஸுக்குச் சாவுக்குப் போனேன், பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு. ராய்ஸின் சட்டைப்பையில் இருந்த கரடிச் சீட்டை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அது ஒரு உலோகச் சீட்டு. கரடி விழுந்ததும் சுட்டவரே அதன்மேல் பூட்ட வேண்டும். ஒரு தடவை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும். அந்த அம்மா அதைச் சவப்பெட்டியில் அவர் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினார். "நீங்க முடிஞ்சதச் செஞ்சீங்க தம்பி" என்று என் கையைப் பிடித்து அழுதார். பெட்டி மூடும் வரை நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு பயம் மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ரிவால்வர் எவன் கையிலாவது கிடைத்தால்? மூக்கு நீட்டிய மூன்று தோட்டா உள்ளே இருக்கும். விஷயம் தெரிந்தவன் ஒருவன் பார்த்தால் போதும், என் குட்டு அன்றோடு உடைந்துவிடும்.

அதனால்தான் இந்த வருஷம் அதே குடிலுக்கு ஆள் கூட்டிப் போனேன். அதே அக்டோபர் இருபத்தேழு. வேட்டை நல்லபடி முடிந்தது. தோல், மண்டை, வந்தவர், மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்றியதும் மிதவை விமானத்தில் இடம் இல்லை. "நாளைக்கு விடிஞ்சதும் வந்து என்னைக் கூட்டிக்கோ" என்று நானே சொன்னேன். நாலு நாற்பதுக்கு விமானம் போனது. ஆறு இருபது வரை புதர் புதராகத் தேடினேன். ஒன்றும் இல்லை.

குடிலுக்கு வந்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் ரிவால்வர் உறையை மாட்டினேன். டப்பா பீன்ஸைச் சுடவைத்துத் தின்றேன். ஏழு மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. மழை தகரக் கூரையில் விடாமல் அடித்தது.

ஏழு இருபதுக்கு மழை நின்றது. குழாயை மூடியது மாதிரி, சட்டென்று.

ஏழு இருபத்திரண்டு. கடற்கரைக் கூழாங்கல்லில் சத்தம். சரக்... சரக்... கரடி நடந்தால் நாலு கால் சத்தம் வேறு மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். இது இரண்டு கால். ஒன்று இழுபட்டது.

விளக்கை அணைத்தேன். ரைஃபிள் மூலையில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தது. உடனே எடுக்க முடிந்தது ரிவால்வர்தான். ஆனால் அது கதவுப் பக்கம்.

சரக்... சரக்...

வாசல் பலகை அமுங்கியது. க்ர்ர்ர்...

கதவைத் தட்டவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை. ஆணி மட்டும் கிறீச்சென்றது. உள்பக்க ஆணி. என் உறை மாட்டியிருந்த ஆணி.

வாசனை வந்தது.

பட்டை மிட்டாய்.

கதவுக்கு அந்தப் பக்கம் சுத்தியலை மெதுவாக இழுக்கும் சத்தம் கேட்டது.

கிளிக்...

கிளிக்...

டக்.

பாய்ந்து போய் உறையிலிருந்து ரிவால்வரை உருவினேன். பிடி கையில் வழுவழுவென்று இருந்தது. அப்போது அது உறைக்கவில்லை. கதவைப் பார்த்துச் சுட்டேன். ஒன்று. பலகை தெறித்தது. இரண்டு.

மூன்றாவதற்குச் சுத்தியலை இழுத்தேன்.

டக்.

இழுத்தேன். நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன்...

"சுடுடா மெர்ல்."

கதவில் நான் போட்ட ஓட்டை வழியாக வந்தது. என் காதோடு.

"சுடுப்பா..."

நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமில்லை, உடை நனைந்துவிட்டது.

அது போனது. சரக்... சரக்... ஆல்டர் புதர்ப் பக்கம்.

ஏழு ஐம்பது. வெடிச்சத்தம்.

அவசரமே இல்லாமல் இன்னொன்று.

மூன்று.

நாலு.

ஐந்து.

எல்லாம் கைத்துப்பாக்கிச் சத்தம். ஐந்தும் ஒழுங்காக வெடித்தன.

அப்புறம் இரும்பு சின்னதாக ஒன்றோடொன்று கவ்வும் சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து அது எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள். கேட்டது.

விடிகிற வரை அந்த மூலையை விட்டு நான் அசையவில்லை. ஒன்பது மணிக்கு வெளிச்சம் வந்தபோதுதான் கையைப் பார்த்தேன்.

மான்கொம்புப் பிடி.

என் துப்பாக்கி இல்லை. ராய்ஸுடையது. துருவேறி, சேறு காய்ந்து கிடந்தது. சிலிண்டரில் இரண்டே வெற்றுக் குப்பி, அவர் சுட்டதும் நான் சுட்டதும் சேர்ந்தால் நாலு இருந்திருக்க வேண்டும். மூன்று தோட்டா மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. நான் அடைத்தவை.

விமானம் வந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஈரக் காலுறைக்குள் அதைச் சுருட்டி எடுத்து வந்து வீட்டுக் கொட்டகையில், மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். கடலில் எறிய இரண்டு தடவை படகுத் துறை வரை போனேன். தைரியம் வரவில்லை.

ஒன்பதாவது நாள், காலை பத்து ஐந்துக்குப் போன் வந்தது. வேட்டை அலுவலகத்தில் தோலுக்கும் மண்டைக்கும் முத்திரை வைக்கிற நெல்டா. பத்து வருஷப் பழக்கம்.

"மெர்ல், உக்காந்திருக்கியா?"

"என்ன விஷயம் நெல்டா?"

"உன் குடிலுக்குப் பின்னால ஆல்டர் புதர்ல ஒரு கரடி செத்துக் கெடந்துச்சு. மான் வேட்டைக்குப் போனவங்க பாத்துச் சொன்னாங்க. பெரிய ஆண். செத்துப் பத்து நாளுக்குள்ளதான் இருக்கும். அறுத்துப் பாத்தோம். உள்ள ஏழு குண்டு."

ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தேன்.

"ரெண்டு பழசு, சதை மூடி ஆறிப்போயிருக்கு. போன வருஷத்துது. அஞ்சு புதுசு, மண்டையில, ஒரு சாண் தூரத்துல வெச்சுச் சுட்டிருக்கு. ஏழும் கைத்துப்பாக்கிக் குண்டு." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ரைஃபிள் குண்டு ஒண்ணுகூட இல்ல மெர்ல். நீ தோள்ல சுட்டதா எழுதிக் குடுத்திருக்கியே."

"அது... வேற கரடியா இருக்கும்."

"அதான் நானும் நெனச்சேன். உன் ரிவால்வர் பக்கத்துலயே கெடந்துச்சு, ரப்பர் பிடி போட்டது. நம்பர் உன்னோடதுதான். அஞ்சும் சுட்டுக் காலி. அத விட்டுட்டு நீ எப்படி ஊருக்கு வந்தே?"

"நெல்டா..."

"இரு, இன்னும் இருக்கு. கரடி மேல சீட்டு பூட்டியிருக்கு. பளபளன்னு, ஒரு துரு இல்ல. நம்பரைப் பதிவுல பாத்தேன், ராய்ஸோடது. அந்தச் சீட்டை நீ யார்கிட்ட குடுத்தே?"

அந்த அம்மா மடக்கிய விரல்கள் என் கண்ணுக்குள் வந்தன. மூடிய பெட்டி வந்தது. "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கு வா" என்று வைத்துவிட்டாள்.

நாளைக்குப் போகப் போகிறேன். மான்கொம்புப் பிடி ரிவால்வரையும் கொண்டுபோய் அவள் மேஜைமேல் வைக்கப் போகிறேன். தோட்டா அடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். ஜெயிலைப் பற்றி எனக்குப் பயமில்லை, சொல்லப்போனால் அங்கே கதவு கனமாக இருக்கும் என்பதுதான் என் ஆறுதல்.

ஏனென்றால் இதைச் சொல்ல உட்காரும் முன், கொட்டகைக்குப் போய் அந்தக் காலுறையைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று தோட்டாவும் உள்ளேதான் இருக்கின்றன. மூக்கு நீட்டவில்லை. மூன்றின் வாயும் குண்டை நன்றாக இறுக்கிக் கடித்திருக்கிறது, நான் எனக்காகச் செய்வேனே, அதே மாதிரி.

சுத்தியலை இழுத்துப் பார்த்தேன். சிலிண்டர் சுற்றுகிறது.