சாமைச் சோறு

சங்கராபுரத்துப் பள்ளிக்கூடத்தில், எங்கள் கல்வராயன் மலையைப் பற்றி முன்பு எடுத்த படத்தைப் போட்டார்கள். அதில் அப்பா வருகிறார் என்றதும் மகளோடு போனேன். அவர் இறந்துபோய்விட்டார். ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. குரலையாவது கேட்கலாம் என்று நினைத்தேன்.

திரையில் அப்பாவின் வாய் அசைந்தது. ஆனால் புல்லாங்குழல்தான் கேட்டது. "மலையின் பசியைச் சொல்கிறார் இவர்" என்றது வேறு யாரோ ஒருவரின் குரல்.

படம் எடுத்த அன்று நான் அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மா அப்போதுதான் சாமைச் சோறு இறக்கியிருந்தாள். வாசல் வரை ஆவி மணத்தது. கேமராக்காரர் கடுக்காய் மூட்டையைத் தூக்கி நடக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்கள் கை நனைக்காமல் அப்பா எந்த வேலையும் தொடங்கமாட்டார்.

"தாத்தா இன்னாம்மா சொல்றாரு?" என்றாள் மகள்.

"'மொதல்ல துன்னுங்க சார், படம் எங்க ஓடிடப் போவுது'ன்றாரு."