எங்கள் வம்சத்தை உப்பின் மேல் விரித்தேன்

போன வருஷம் சித்திரையில், மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் எதுவும் இல்லை. எங்கள் வம்சத்தார் எல்லோரும் ஒன்றுகூடும் விழா என்றார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசத் தெரியாதவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

விழாவை ஏற்பாடு செய்தவன் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மகன். சென்னையில் சொந்தத் தொழில், நல்ல வசதி. என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். "நம்ம ஆளுங்க ஆளுக்கொரு பக்கமா போயிட்டாங்க சித்தி. நாளைக்கு நம்ம பேரப்புள்ளைங்க ரோட்டுல எதுக்க எதுக்க பாத்தாகூட யாரு என்னன்னு தெரியாம பூடும்" என்று அவன் வீடு வீடாக வந்து சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் முதல் ஆளாய்ப் போய் நின்றிருப்பார்.

மண்டப வாசலில் சவுக்குக் கம்பு நட்டு, பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். ஆலமரம் ஒன்று. அடிமரத்தில் என் மாமனார் படம். கிளை கிளையாகப் பெயர்கள். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பேன். என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அதோடு அந்தக் கிளை நின்றுபோயிருந்தது. எனக்கு ஒரே மகள். அவள் பெயரைத் தேடி மரம் முழுக்க வாசித்தேன். அவள் பெயர் மட்டும் இல்லையென்று இல்லை, ஒரு பெண் பெயர்கூட அதில் இல்லை. என்னமோ இத்தனை ஆண்பிள்ளைகளும் அந்த மரத்திலேயே காய்த்துத் தொங்கினவர்கள் மாதிரி!

விழா எடுத்தவனிடமே கேட்டதற்குச் சிரித்தான். "பொண்ணுங்க இன்னொரு வூட்டு வம்சம் சித்தி. அவங்களையும் போட்டா பேனரு மரக்காணத்துல ஆரம்பிச்சி திண்டிவனத்துல போயி முடியும்."

விழாவுக்கும் மகளை அவன் கூப்பிடவில்லை. ஆனால் முந்தின நாள் அவளிடம் போய்த் தார்ப்பாய் மட்டும் கேட்டு வாங்கியிருந்தான். மண்டபத்துக்குப் பின்னால் சமையல் அடுப்புகளுக்கு மேலே கட்டுவதற்கு. என் மகளும் அவள் மாமியாரும் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பளம் செய்கிறார்கள். மருமகனுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. வெயிலில் நின்று வாரிச் சேர்த்த உப்பு, லாரிக்காக வரப்போரம் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலை மூடியிருந்த தார்ப்பாய் அது. "அண்ணன் கேட்டுச்சும்மா. ஒரு நாளுதானே, வானமும் வெளுப்பாதான் இருக்குது" என்று உருவிக் கொடுத்துவிட்டாள் பைத்தியக்காரி.

மண்டபத்துக்குள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்தார்கள். மேடையில் அவன் மைக் பிடித்துப் பேசினான். "நாம எல்லாம் ஒரே மரத்துக் கிளைங்க. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா மத்தவங்க ஓடியாறணும்." கைதட்டல் அடங்குவதற்குள் என் போன் அடித்தது. மகள்தான்.

"யம்மா, மேக்கால இருட்டிக்கினு வருது. காத்து வேற. அந்தத் தார்ப்பாய அவுத்துக் குடுத்தனுப்பச் சொல்லும்மா, சீக்கிரம்."

மேடைப் படியருகே போய் அவனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் கையில் மைக் இருந்தது. பதில் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இன்னா சித்தி நீ, தார்ப்பாய அவுத்துட்டா சாம்பாருல மழை உழும். இவ்ளோ பேரு எதத் துன்றது? உப்பு போனா மறுபடியும் வெளையப் போவுது. போயி உக்காரு, குரூப் போட்டோ எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். "சித்திக்கு உப்பு பத்தலியாம், ஒரு கை போடுங்கப்பா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இன்னும் சிரிப்பு.

உப்பளத்துக்காரன் பேரன் பேசுகிற பேச்சா இது? ஒரு நல்ல மழை விழுந்தால் குவியல் கண்ணெதிரே கரைந்து ஓடிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? அந்த உப்பில் வளர்ந்த உடம்புதானே அது! விறுவிறுவென்று வெளியே வந்தேன். காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நல்ல அகலம், நல்ல நீளம். தண்ணீர் உள்ளே போகாது.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை.

"தள்ளுங்க சின்னத்தை." திரும்பிப் பார்த்தால் அவன் மனைவி, காய் நறுக்கும் கத்தியோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கயிறுகளை அறுத்துக்கொண்டே சொன்னாள், "இதுல என் பேரும்தான் இல்ல. ராப்பகலா உக்காந்து எல்லார் பேரையும் சரிபாத்தது மட்டும் நானு. ஏறுங்க வண்டில."

சுருட்டிய பேனரை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு அவளுடைய ஸ்கூட்டியில் உட்கார்ந்தேன். உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. மகளும் சம்பந்தியம்மாவும் உரச்சாக்குகளைப் போட்டுப் போட்டுக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் பேனரைப் பிரித்தோம்.

"சம்பந்தி, உங்க மாமனாரு மூஞ்சி வானத்தப் பாக்கட்டுமா, உப்பப் பாக்கட்டுமா?" என்று சம்பந்தியம்மா கேட்டாள்.

"வானத்தப் பாத்தே போடுங்க. உப்பு பட்டா தாத்தாவுக்குக் கண்ணு எரியும்" என்றாள் மகள். அந்த அவதியிலும் சிரித்துவிட்டோம்.

மழை கொட்டியது. காற்று பேனரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூலைக்கு ஒருத்தியாக அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டோம். ஓரத்தில் கொஞ்சம் உப்பு கரைந்து பாத்தியில் ஓடியது. மற்றதெல்லாம் தப்பித்தது.

மழை விட்டதும் அவன் காரில் வந்து இறங்கினான். சகதியில் செருப்பு சிக்கிக்கொண்டது. மனைவியை முறைத்துவிட்டு என்னிடம் கத்தினான். "அசிங்கப்படுத்திட்டியே சித்தி! நம்ம தாத்தா படத்தப் போயி சேத்துல போட்டு உக்காந்துக்கினு கீறியே!"

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "உங்க தாத்தா இந்தச் சேத்துல நின்னுதான் உப்பு வாரினாரு. அவருக்கு எடம் புதுசு இல்ல. நீ எம்பொண்ணு தார்ப்பாய எப்ப கொண்டாந்து குடுக்கப் போற, அதச் சொல்லு."

அவன் சகதியிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டான். அவன் மனைவி அன்றைக்கு விழாச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மகளுடைய புடவையைக் கட்டிக்கொண்டு எங்களோடு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாள். தார்ப்பாய் பிறகு யார் கையிலோ வந்து சேர்ந்தது, சாம்பார்க் கறையோடு.

இந்த வருஷமும் கூட்டம் போடப் போகிறானாம். புதுப் பேனர் அடிக்கிறானாம், பெண்கள் பெயரும் வரும் என்று சொல்லி அனுப்பினான். வரட்டும் பார்க்கலாம். பழையது இன்னும் மகளின் உப்புக் குவியல் மேல்தான் கிடக்கிறது. வெயிலில் பெயரெல்லாம் வெளுத்து, மரம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன்: அன்றைக்கு அந்த மரம் காற்றில் பறந்து போகாமல் மூலைக்கு ஒருத்தியாக உட்கார்ந்து பிடித்திருந்த எங்கள் நாலு பேரில், ஒருத்தி பெயரும் அதில் இல்லை.