கடல்நாயும் கருப்பசாமி கிடாவும்

நான் கடல்நாயைப் பார்த்ததில்லை. டால்பினைப் படத்தில் பார்த்ததோடு சரி. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு அதெல்லாம் எங்கே வாய்க்கும்? வருஷத்தில் பாதி நாள் காலண்டரில் ராகுகாலம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மீதி நாள் பள்ளிக்கூட கைடுகள். அந்தக் கார்த்திகையில் மட்டும் கடல் உயிர்களைப் பற்றி ஒரு புத்தக ஆர்டர் வந்திருந்தது. மொழிபெயர்த்தவர் தமிழைக் கடித்துக் குதறி வைத்திருந்தார். அவரைத் திட்டிக்கொண்டே படித்து வந்தவள், நோய்கள் என்ற பகுதிக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வடக்கே குளிர்ந்த கடல்களில் சீல் எனப்படும் கடல்நாய்களுக்கு ஒரு வைரஸ் வருகிறது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, இருமிக்கொண்டே கரையேறி, மணலில் படுத்தபடி செத்துப்போகின்றன. டால்பின்களுக்கும் அதேபோல ஒன்று. நுரையீரலும் மூளையும் கெட்டுப்போய், திக்குத் தெரியாமல் கரை ஒதுங்குகின்றன. கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்குகிற பிராணிகள் என்பதால் ஒன்று விட்ட மூச்சு அடுத்ததற்குள் போய்விடுகிறது. இன்னொன்றும் எழுதியிருந்தது. கடல்நாயில் ஒரு வகை, நோயைச் சுமந்துகொண்டு வெகுதூரம் வந்தாலும் பெரும்பாலும் சாகாதாம். அது வந்து சேர்ந்த கரையிலிருக்கும் வேறு வகைதான் கொத்துக் கொத்தாகச் சாகுமாம். பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மையும், அந்தக் காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும், ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லியும் இந்த வைரஸுக்கு அங்காளி பங்காளி. எங்கேயோ பனிக்கடலில் கிடப்பது நம் வீட்டுக் கொட்டகைக்குச் சொந்தம் என்று தெரிந்தபோது அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன்.

மறுபடி படிக்கக் காரணம் மதினியின் ஆடுகள். ஆனைக்குட்டத்தில் என் அண்ணன் வீடு. அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தவன். ஒரு காலையில் அந்த அறை வெடித்தது. அவன் உயிரோடு வந்ததே பெரிது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், இரண்டு கையும் எதையும் பிடிக்காமல் போயின. அதே கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்த மதினி, அன்றைக்கு வெளியே வந்தவள்தான். செத்தாலும் மறுபடி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி, ஆடு வாங்கி வளர்த்தாள். அணைக்கரையில் சீமைக்கருவேலங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆடுகள் பெருகின. அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த ஆடுகளால்தான்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மதினி கருப்பசாமிக்கு ஒரு கிடா நேர்ந்திருந்தாள். மாசியில் வெட்ட வேண்டும். நேர்ந்துவிட்ட கிடாவைக் கயிற்றால் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது, ஊசி போட்டு ரத்தம் காட்டக் கூடாது. அது எந்த வீட்டில் நுழைந்தாலும் கஞ்சித்தண்ணி வைப்பார்கள். கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. ஆட்டுக்கொல்லிக்குத் தடுப்பூசி போட ஆள் வந்தபோது கிடாவை ஒளித்து வைத்தாள். மற்ற ஆடுகளையும், சினை கலைஞ்சிரும் என்று காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கிடா ஊரெல்லாம் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. மூக்கில் சளி தடித்துத் தொங்கியது. கண் ஓரத்தில் பீளை. அது நேராகத் தொட்டிக்குப் போய் மற்ற ஆடுகளோடு முகத்தை விட்டுத் தண்ணீர் குடித்தது.

“மதினி, மூக்கப் பாத்தீகளா? தள்ளிக் கட்டுங்க அத. எல்லாத்துக்கும் ஒட்டிக்கிரும்.”

“மழையில நனைஞ்சிருக்கும். சளிதான் தாயி.”

“சளியில்ல மதினி. கடல்நாய்க்கெல்லாம் இதே மாதிரி…” என்று நான் ஆரம்பித்தேன். எனக்கே கேலியாக இருந்தது. அவளும் சிரித்தாள்.

“கடல்ல நாய் இருக்குன்னு இப்பத்தான் கேள்விப்படுறேன்.”

நான் விடவில்லை. நானே கட்டுகிறேன் என்று கயிற்றைத் தேடி எடுத்தேன். மதினியின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏத்தா, சாமி கெடாய்க்குக் கவுறு போட்டு அது கோவிச்சுக்கிட்டா? ஒங்கண்ணன் உசுரு அங்கனதான் இருக்கு. வெட்டிக் குடுக்குற மட்டும் அது எரவல் உசுரு.”

கதவோரம் நின்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கருப்பசாமி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரத்துக்குள் ஆரம்பித்துவிட்டது. முதலில் பால்குடி மறவாத குட்டிகள். பிறகு சினை ஆடுகள். வாயெல்லாம் புண், மேய முடியவில்லை. கழிந்து கழிந்து பின்னங்கால்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. நான் போனபோது ஓர் ஆடு கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அதன் அடியில் குட்டி முட்டி முட்டிப் பாலுக்குத் தேடியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, ஆட்டுக்கொல்லிதான், இனிமேல் தடுப்பூசி போட்டுப் பிரயோஜனமில்லை என்றார். தெருவில் வேறு வீடுகளிலும் ஆடுகள் விழுந்தன. கிடா யார் யார் வீட்டில் கஞ்சி குடித்ததோ அந்த வீடுகளில். ஆனால் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. சாமி கிடாவைக் குற்றம் சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

குழி தோண்டியதும் சுண்ணாம்பு போட்டதும் மதினிதான். அண்ணன் மண்வெட்டியை முழங்கையில் இடுக்கிப் பார்த்தான், அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான். “நீ போய் உக்காரு மாமா” என்று அவள் அதட்டியதும் போய் உட்கார்ந்துகொண்டான். கடைசி ஆட்டை இழுத்துப் போட்ட அன்று மதினி அழவில்லை. கொட்டகையைக் கூட்டினாள், தொட்டியைக் கவிழ்த்தாள்.

கிடா பிழைத்துக்கொண்டது. சளி நின்றது, ரோமம் மினுமினுத்தது, மறுபடி தெருத் தெருவாகப் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்லெடுத்து எறியத் தோன்றும். மதினிக்கோ அது நிற்பதே பெரிய ஆறுதல். “பாத்தியா, அது நிக்குதுல்ல. ஒங்கண்ணனுக்கு ஒண்ணும் வராது” என்றாள். ஆடுகளை இழந்தவள் இப்படிப் பேசுகிறாளே என்று எரிச்சல் பட்டேன். ஆனால் அவள் கணக்கில் எது போனாலும் எது நிற்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மாசியில் வெட்டினார்கள். தண்ணீர் தெளித்ததும் கிடா தலையைச் சிலுப்பியது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று குலவையிட்டார்கள். ஆடு செத்த வீட்டுக்காரர்களும் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். மதினி எல்லோருக்கும் தானே பரிமாறினாள். என் இலையில் கறி வைத்தபோது குனிந்து, “நாளையில இருந்து கம்பெனிக்குப் போறேன் தாயி, ஒங்கண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்” என்றாள். நான் கறியைத் தொடாமல் இலையை மடக்கினேன்.

மறுநாள் நான் அங்கேதான் இருந்தேன். சீசனுக்கு ஆள் பிடிக்கிற கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. மதினி தூக்குச்சட்டியோடு ஏறினாள், ஏறியதும் பக்கத்திலிருந்தவளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் வாசலில் நின்றான். “போகாதன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியத இருக்கு” என்று மட்டும் சொன்னான். அவனைப் பார்க்க முடியாமல் நானும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

சாயங்காலம் அச்சகத்தில் இருந்தபோது அவன் போன் வந்தது.

“ஒங்க மதினி இன்னும் வரல.”

“வேன் வர நேரம் இருக்குண்ணே.”

அவன் போனை வைக்கவில்லை.

“திருத்தங்கல் பக்கம் நல்ல கெடாக்குட்டி இருந்தா பாத்து வையி” என்றான். “அவளுக்காக நேந்துருக்கேன்.”