கத்தாதேங்கோ அக்கா

அவள் என் கதவைத் தட்டியபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கையைத் துடைக்காமலே போய்த் திறந்தேன். ஐந்தாவது மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் நின்றாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. பிடரியில் தோல் உரிந்து, கசிந்த ரத்தம் சட்டைக் காலரில் ஊறியிருந்தது.

"அக்கா, என்ரை தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடிட்டான்."

"எங்கம்மா? யாரு?"

"மெட்ரோவுக்கு ஏறுற படியிலை. பின்னாலை வந்தவன். முகத்தைக் காணேல்லை." அவள் மூச்சு வாங்கினாள். பிறகு, கீழ் மாடிக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "கத்தாதேங்கோ அக்கா எண்டு சொன்னவன். தமிழிலைதான் சொன்னவன்."

அப்போது நாங்கள் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலையில் இருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து வரும்போதே எங்களிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள் அந்தக் கட்டடத்துக்கு வர ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. படிவம் நிரப்ப, கடிதம் படிக்க என்னிடம்தான் வருவார்கள். செய்து கொடுப்பேன். ஆனால் ஒருவரையும் உட்காரச் சொன்னதில்லை. வாசலில் நிற்க வைத்தே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அதைப் பெரிய உபகாரம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவளை உள்ளே கூப்பிட்டேன். ரத்தம் என் கதவுப் படியில் சொட்டிவிடக் கூடாது என்பதுதான் முதல் காரணம். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து மருந்து போட்டேன். அவள் அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: "இவர் நம்பமாட்டார் அக்கா. இவர் நம்பவே மாட்டார்."

காரணம் கேட்டேன். ஊரில் மாட்டிக்கொண்டிருந்த தம்பியை வெளியே எடுக்கக் கொடியை விற்கலாமா என்று போன மாதம்தான் புருஷனிடம் கேட்டிருக்கிறாள். பெரிய சண்டை. இப்போது கொடி போய்விட்டது என்று வெறுங்கழுத்தோடு வந்து நின்றால்?

"அப்ப போலீஸ்ல ஒரு பிளாந்த் குடுத்துடு," என்றேன். "காகிதம் இருந்தா யாரும் கேள்வி கேக்க முடியாது."

"நீங்கள் வந்து சொல்லிவிடுவியளோ அக்கா? எனக்கு ஒரு சொல்லும் வராது."

புகார் கொடுக்கச் சொன்னது நான்தான். இதை நான் மறந்ததில்லை.

ஆடை மாற்றிக்கொண்டு இருவரும் இறங்கினோம். தெருமுனை மளிகைக் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் வெளியே வந்தார். அந்தத் தெருவில் இருந்த இளைஞர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் வேலையும் படுக்க இடமும் பிடித்துக் கொடுத்தவர். எல்லாருக்கும் அண்ணை. செய்தி எங்களுக்கு முன்பே அவரிடம் போயிருந்தது. அவளைக் கடைக்குள் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் போறதை நான் மறிக்கேல்லை. ஆனா தமிழன் எண்ட கதையை அங்கை எடுக்காதேங்கோ."

"நடந்ததைத்தானே சொல்லணும்?"

"நடந்ததைச் சொன்னா நாளைக்கு இஞ்சை வந்து இறங்குவாங்கள். கள்ளனையோ பிடிக்கப் போறாங்கள்? வதிவிடக் காட் இல்லாத பெடியளைத்தான் அள்ளிக்கொண்டு போவாங்கள். இந்த ஒரு சொல்லாலை எத்தினை பேர் அழியிறது?"

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்துக்காக மட்டும் நான் பொய் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எனக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் கட்டடத்துப் போர்த்துக்கீசுக்காரக் காவல்காரம்மா படியைக் கழுவிக்கொண்டே என்னிடம், "மதாம், நீங்களும் அந்த ஸ்ரீலங்காக்காரர்தானா?" என்று கேட்டிருந்தாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழன் திருடன் என்று ஒரு போலீஸ் காகிதத்தில் ஏறினால், அந்தத் தமிழன் யாழ்ப்பாணமா பாண்டிச்சேரியா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அந்த எண்ணத்தோடுதான் போலீஸ் நிலையத்துப் படி ஏறினேன்.

எழுத்துவேலையில் இருந்தவர் தலை நரைத்த மனிதர், மரியாதையானவர். எங்களை உட்கார வைத்தார். தட்டச்சு எந்திரத்தில் இரண்டே விரலால் அடித்தார். எந்த இடம், எத்தனை மணி, எப்படிப்பட்ட நகை. நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

"அவன் ஏதாவது பேசினானா?"

அவளிடம் திரும்பினேன். "என்ன சொன்னான்னு கேக்குறாரு."

"கத்தாதேங்கோ அக்கா எண்டு சொன்னவன். தமிழ்ப் பெடியன்தான். குரல் கேட்டா நான் பிடிப்பன் எண்டு சொல்லுங்கோ."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஒன்றும் பேசவில்லை, மிசியே. பின்னால் இருந்து வந்ததால் ஆளையும் தெரியவில்லை என்கிறாள்."

இரண்டு விரல்கள் அதை அடித்தன. எனக்கு அலுவலகத்தில் ஒரு கோப்பை மாற்றி வைத்தது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவர் காகிதத்தை உருவி அவள் கையெழுத்துக்காக நீட்டினார். "உங்கள் ஆட்களிடமிருந்து புகாரே வருவதில்லை, மதாம்," என்றார். "அமைதியான ஜனங்கள். இந்தப் பகுதி முழுக்க உங்களைப் போல இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது." நான் சிரித்து நன்றி சொன்னேன். அந்தப் பாராட்டில் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. தன் புகாரைத்தான் நல்லபடியாக எடுத்துக்கொண்டார் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் புருஷன் வந்தான். ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவன். கை நகமெல்லாம் வெளிறி ஊறிப்போயிருக்கும். எப்போதும் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிப் போகிறவன், அன்று சொல்லவில்லை. கையில் அந்தக் காகிதம். பின்னால் அவள், பிடரிக் காயத்தில் பொருக்குக் கட்டியிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. இதை வேலையிலை ஒருத்தரிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான். கள்ளன் ஒண்டும் கதைக்கேல்லை எண்டு கிடக்கு. இவ எனக்குச் சொன்னது, அவன் தமிழ் கதைச்சவன் எண்டு. பொலிசுக்கு ஒரு கதை, புருஷனுக்கு ஒரு கதையோ? நீங்கள்தானே பக்கத்திலை இருந்தனீங்கள். இவ தமிழன் எண்டு சொன்னவளோ இல்லையோ?"

அவள் அவனுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமே இல்லை. முழு நம்பிக்கை இருந்தது. "சொல்லுங்கோ அக்கா," என்றாள். "நான் சொன்னனானெல்லோ?"

ஆமாம் என்றால் போலீஸ் முன்னால் பொய் சொன்னது நான் என்று ஆகும். அவன் அதைத் தெருவெல்லாம் சொல்வான். யாராவது ஒருவர் அதை பிரெஞ்சில் சொல்வார். என் வேலை, என் கணவரின் பெயர். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"அங்க ஒரே சத்தமா இருந்துச்சுப்பா," என்றேன். "அவ அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் வாய் திறந்தது. அவன் திரும்பி, என் வாசலிலேயே, அவளை அறைந்தான். அவள் கைப்பிடிக் கம்பியில் மோதி உட்கார்ந்தாள். "வித்துப்போட்டுத்தான் நாடகமோடி?" இரண்டாவது அறை விழுந்தது. நான் கதவைச் சாத்தினேன். சாத்தியது மட்டுமல்ல, தாழ்ப்பாளும் போட்டேன். சத்தம் நான்காவது மாடி, ஐந்தாவது மாடி என்று ஏறிப் போனது.

"யாரு?" என்று உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார்.

"மேல்வீட்டுச் சண்டை," என்றேன்.

"அவங்க சமாச்சாரம். நீ எதுக்கு நிக்கிற?"

அந்த மாதக் கடைசியில் அவன் அவளைக் கூட்டிக்கொண்டு சார்செல் என்ற புறநகர்ப் பக்கம் குடிபோனான். தாலியை விற்றவள் என்ற பெயர் இங்கேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து பெண்கள் கூடி நிற்கும்போது அந்தப் பேச்சு அடிபடும். "தம்பிக்காகத் தாலியையே வித்திட்டாளாம்." நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருமுறை, "காலம் அப்படி," என்றுகூடச் சொன்னேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அதே பூசைக்கு வரும் பெண் ஒருத்தி சால்வையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். அதே கோடு. மெட்ரோப் படியில் இல்லை, ரயில் பாலத்துக்குக் கீழே. "கத்தாதேங்கோ அக்கா எண்டு மரியாதையாச் சொன்னவன்," என்று அவள் சொன்னதும் பக்கத்தில் இருந்தவள், "எனக்கும் அதேதான்," என்றாள். மூன்றாவது ஒருத்தி தன் கழுத்தைத் தடவினாள். ஒருவரும் போலீசுக்குப் போகவில்லை. போய் என்ன ஆனது என்பதற்குத்தான் ஐந்தாவது மாடிப் பெண் இருந்தாளே.

பிறகு கடைக்காரர் விஷயத்தைக் கையில் எடுத்தார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. ஒரு மத்தியானம் நான் பருப்பு வாங்கப் போனபோது அவரே சொன்னார். "பிரச்சினை முடிஞ்சுது அக்கா. எங்களோடை பின்னறையிலை படுத்து எழும்பின ஒருத்தன்தான். நாலு பேர் வடிவா விளங்கப்படுத்தினாங்கள். வலது கை இனி உதவாது. தெற்கை போற ரயிலிலை ஏத்திவிட்டாச்சு." எடை போட்டுக்கொண்டே சொன்னார். வடிவா விளங்கப்படுத்தினாங்கள் என்றபோது கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அந்தக் கொடியெல்லாம்?"

"எப்பவோ உருக்கிட்டான்."

"சார்செல் போனாங்களே, அந்தப் பொண்ணோட புருஷன்கிட்ட சொன்னீங்களா?"

"ஏன் அக்கா பழசைக் கிளறுவான்? அதுகள் இப்ப தங்கடை பாட்டிலை இருக்குதுகள்."

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. அடுத்த சனிக்கிழமை புறநகர் ரயில் ஏறினேன். பத்து மாடிக் கட்டடங்களில் ஒரே மாதிரியான கதவுகள். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். அவள்தான் திறந்தாள். மெலிந்திருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: திருடன் அகப்பட்டான், தமிழன்தான், போலீசில் நான்தான் மறைத்தேன், அவள் புருஷனிடமும் பொய்தான் சொன்னேன்.

அவள் கேட்டு முடித்தாள். "எனக்கு ஏன் சொல்லுறியள்? எனக்குத் தெரியும்தானே. அவருக்குச் சொல்லுங்கோ. நாலு மணிக்கு வருவார்."

கதிரையைக் காட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் வெங்காயம் உரித்தாள், துணி மடித்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

அவன் வந்தான். திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"அண்டைக்கு ஞாபகம் இல்லை எண்டனீங்கள். இண்டைக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுதோ?" பிறகு அவள் பக்கம் திரும்பினான். "இந்த மனிசியை எப்படியடி பிடிச்சனீ? வெளியிலை போகாதை எண்டு சொன்னாலும் ஆள் அனுப்புறியோ?"

"அவ என்னைக் கூப்பிடலப்பா. நானாத்தான் வந்தேன். கடைக்காரரைக் கேட்டுப் பாரு."

"கேட்டனான். ஆரோ கதைக்கிறது காதிலை விழுந்து போன மாசமே கேட்டனான். அப்பிடி ஒரு களவும் எங்கடை ஆக்களுக்கை நடக்கேல்லை எண்டவர்."

அவளே கதவைத் திறந்து பிடித்தாள். "போங்கோ அக்கா," என்றாள். "நீங்கள் நிண்டால் எனக்கு அடி கூட விழும்." மின்தூக்கி வரும்வரை நின்றேன். உள்ளே அடி விழ ஆரம்பித்தது கேட்டது. மின்தூக்கி வந்ததும் ஏறிவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அவள் ஜெர்மனியில் இருந்த யாரோ ஒன்றுவிட்ட சகோதரியிடம் ஓடிப்போனாள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. உயிரோடு இருக்கிறாள் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் மட்டும் ஒருமுறை வந்தான். விவாகரத்துக்கு வக்கீலிடம் கொடுக்கத் தன் பக்கத்து விவரத்தை பிரெஞ்சில் எழுத வேண்டுமாம். நம்பிக்கையாகக் கேட்க இந்தப் பகுதியில் வேறு ஆள் இல்லை என்றான். பழைய கோபம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. நான் அவனை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தேன்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். மனைவி கல்யாண நகையை ரகசியமாக விற்றாள். களவு போனதாகப் போலீசிலும் புருஷனிடமும் வேறு வேறு விதமாகப் பொய் சொன்னாள். கடைசியில் வீட்டை விட்டு ஓடினாள். ஓர் இடத்தில் பேனா நின்றது. "சரியாத்தானே சொல்லுறன்?" என்றான். "சரிதான்," என்று சொல்லி எழுதி முடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, மடித்து அவன் கையில் கொடுத்தேன்.