காலியாக நிற்க வேண்டிய படகு

கண்ணாடிக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பூக்கடை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். அதை நடத்துகிறவளைத் தெருவே நாவலக்கா என்று கூப்பிடும். புதிதாகக் குடிவந்த ஒருவர் பெயரை நம்பிப் பையோடு வந்து, "நாவப்பழம் கிலோ என்ன விலைங்க?" என்று கேட்டதும் உண்டு.

முதலில் அவள் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேசை இழுப்பறைக்குள் எப்போதும் ஒரு நாவல் கவிழ்ந்து கிடக்கும். அலுவலகத்தை மூடிவிட்டபோது, "சும்மா வீட்டுல உட்கார்ந்து கதை படிக்கிறதைக் கடையில உட்கார்ந்து படியேன்" என்று நாத்தனார் தன் பூக்கடைக்குக் கூட்டிவந்தாள். நாத்தனார் வேறு ஊருக்குப் போனதும் கடை இவள் கைக்கு வந்தது.

ஈயோட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம். அப்போது அவள் படித்துக்கொண்டிருந்த நாவலில், ஒரே கட்டடத்தின் மாடியிலும் கீழேயும் இருக்கிற இரண்டு பேர் வருடக்கணக்காக ஒருவரையொருவர் மனசுக்குள் வைத்துக்கொண்டு, வாய்திறக்காமலே வாழ்வார்கள். அவள் உயரமான ஜாடியில் ஒரு சிவப்பு ரோஜாவை மேலிருந்து கீழே குனிந்து பார்ப்பதுபோல் நிறுத்தினாள். அடியில் இன்னொன்று, முகம் நிமிர்ந்து. நடுவில் படிக்கட்டு மாதிரி வெறும் இலைகள். பக்கத்தில் ஒரு சீட்டில் கதையை நாலு வரியில் எழுதி வைத்தாள். கண்ணாடிக் கடைக்காரர் அதை மனைவிக்கு வாங்கிப் போனார். மறுநாள் அந்த அம்மாளே வந்து நின்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் கடைசியில பேசிக்கிட்டாங்களா இல்லையா? எனக்கு ராத்திரி தூக்கமே வரலம்மா."

அதற்குப் பிறகு ஆட்கள் தங்களுக்குப் பிடித்த நாவல்களோடு வர ஆரம்பித்தார்கள். காதலிக்கு, மனைவிக்கு, கோபித்துக்கொண்டு போனவருக்கு என்று கேட்டார்கள். கதையைக் கேட்டு, தெரியாததாக இருந்தால் படித்துவிட்டுத்தான் அவள் பூவில் கை வைப்பாள். கார்களுக்கு மின்வேலை பார்க்கும் அவள் கணவன், சாயங்காலம் வந்து ரோஜாத் தண்டுகளில் முள் சீவிக்கொடுத்தபடி கதை கேட்பான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டான்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே?"

"அந்தக் காலத்துல ஃபோன் ஏதுங்க?"

"சரி, நேர்ல போய்க் கேட்கிறது."

"கேட்டுட்டா கதை பத்தாவது பக்கத்துலயே முடிஞ்சிடும். நீங்க முள்ளைச் சீவுங்க."

ஒருநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்குப் பிடித்த நாவலில், கலங்கரை விளக்கத்துக் காவல்காரரின் மகள் ஒரு மாலுமியை விரும்புவாள். அவன் கடலுக்குப் போவான். படகு மட்டும் திரும்பி வரும்.

"மண்டபத்து வாசல்ல ஒரு படகு வேணும்க்கா. சுத்தி நீலமும் வெள்ளையும். படகுக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

நாவலக்காவுக்கு அந்த நாவல் அத்துப்படி. அதனாலேயே கொஞ்சம் தயங்கினாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். மெல்லிய பலகையில் ஆள் நீளத்துக்குப் படகு செய்யச் சொல்லிவிட்டாள்.

விஷயம் எப்படியோ மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் போனது. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையையும் ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குரல். ஊருக்கு அவர் விசில் டீச்சர். நாவலை வாங்கி முழுதாகப் படித்துவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, கல்யாண வாசல்ல காலிப் படகா? மாப்பிள்ளை கடல்ல போயிட்டான்னு விருந்தாளிங்க நினைக்கணுமா?"

"பொண்ணு ஆசைப்படுது டீச்சர்…"

"ஆசைப்படட்டும். அதுக்காக எம்புள்ளையைத் தண்ணியில தள்ளிடுவீங்களா?"

நாவலக்கா பெண்ணையும் வரவழைத்தாள். மூவரும் பூ வைத்த வாளிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். பெண் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் பிடிவாதம் குறையவில்லை.

"எனக்கு அந்தக் கதை பிடிச்சது அவன் செத்துப்போனதுக்காக இல்ல அத்தை. அதுக்கப்புறமும் அவ தினமும் விளக்கை ஏத்துறா பாருங்க, அதுக்காகத்தான். அந்தப் படகைப் பார்த்த பிறகும் ஏத்துறா."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கங்கள் ஈரம் பட்டு உப்பியிருந்ததை நாவலக்கா கவனித்தாள்.

"அழுதீங்களா டீச்சர்?"

"சளி," என்றார் டீச்சர். பிறகு மருமகளைப் பார்த்து, "விளக்கு வையி. படகும் வையி. ஆனா எனக்குப் பிடிக்கலைங்கறதை நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்" என்றார்.

கல்யாணத்தன்று வாசலில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு கலங்கரை விளக்கம் நின்றது. கோபுரம் முழுக்க வெள்ளை லில்லி, உச்சியில் சூரியகாந்தி. அதன் காலடியில், நீலப் பூக்கள் அலையாகச் சூழ, காலிப் படகு. நாவலக்காவும் கணவனும் தண்ணீர் தெளித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

படகு நிறையப் பூ! ரோஜா, சாமந்தி, யாரோ தலையிலிருந்து எடுத்த ஒரு கொத்து மல்லிகை. விசில் டீச்சர் பக்கத்தில் நின்று கை காட்டி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் தன் சேலையில் குத்தியிருந்த ரோஜாவை அவர்தான் முதலில் போட்டிருக்கிறார். பின்னால் வந்தவர் அதைக் கல்யாணச் சடங்கு என்று நினைத்து ஒன்று போட, அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லையாம். நிறுத்த முயன்ற மாதிரியும் தெரியவில்லை.

"டீச்சர், என்ன காரியம் பண்ணிட்டீங்க?" என்று நாவலக்கா கையைப் பிசைவதற்குள் மணப்பெண்ணே வந்துவிட்டாள். படகைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"கதையையே மாத்திட்டீங்களா அத்தை?"

"ஆமா, மாத்திட்டேன். எழுதினவங்க வந்து கேட்கட்டும், நான் பேசிக்கிறேன்."

பெண் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, அத்தையின் கையில் கொடுத்தாள்; இருவருமாகச் சேர்ந்து அதைப் படகில் போட்டார்கள்.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல, நேர்ல பேசினா முடிஞ்சிடும்னு" என்றான் நாவலக்காவின் கணவன்.

"ஆமாங்க, பெரிய எழுத்தாளர்" என்று அவன் முழங்கையை இடித்தாள் அவள். ஆனால் அன்றைக்கு வண்டியில் வீடு திரும்பும்போது அவன் தோளில் சாய்ந்துகொண்டுதான் வந்தாள்.

இப்போது மாமியாரும் மருமகளும் வாரக் கடைசியில் சேர்ந்தே கடைக்கு வருகிறார்கள். ஒரே நாவலைப் போட்டிபோட்டுப் படித்துவிட்டு, பூ வைத்த வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்கிறார்கள். புதுப் புத்தகம் எதை நீட்டினாலும் டீச்சர் முதலில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வார்.

"இதுல எத்தனை பேர் போய்ச் சேர்றாங்க? இப்பவே சொல்லிடும்மா."