மணப்பாட்டுக்கு விசாரிக்கப் போன கதை

காலை ஏழே கால். பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் திருச்செந்தூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எஸ்தர் அக்கா எனக்கு முன்பே வந்து, எனக்கும் சேர்த்து இடம் பிடித்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அக்கா பாளையங்கோட்டைக்காரர், கணக்கு டீச்சர். நான் தச்சநல்லூர், அதே பள்ளியில் தமிழ் டீச்சர். லீவு கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவேன், திரும்பி வந்து நாலு பக்கம் எழுதுவேன். வீட்டில் யாருக்கும் பிடிக்காத இந்தப் பழக்கம்தான் அன்று அக்காவுக்குக் கைகொடுத்தது.

"ஏட்டி காந்தி, யாரும் கேட்டா நீ கோயிலப் பத்தி எழுதப் போறே, நான் உனக்குத் துணைக்கு வாறேன். அம்புட்டுதான். வேற ஒண்ணுக்கும் வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?"

உண்மையில் துணைக்குப் போனவள் நான்தான். அக்காவின் ஒரே மகள் பியூலா தூத்துக்குடியில் கப்பலில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே பழகிய ஜெரோம் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். பையனுக்கு ஊர் மணப்பாடு. சரக்குக் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி கடலில். அவர்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் பேச்சு வழக்கில் ஆர்.சி. அக்கா குடும்பமோ பாளையங்கோட்டை மிஷன் காலத்துப் புராட்டஸ்டண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, 'உன் இஷ்டம்தான்' என்று பொறுப்பை மனைவி தலையில் கட்டிவிட்டார் அக்காவின் கணவர். அன்று வெள்ளிக்கிழமை. அக்கா வேண்டாம் என்றால் பியூலா மீறமாட்டாள். அவளைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து எனக்குத் தெரியும். சண்டை போடத் தெரியாத பிள்ளை. அதனால் அக்காவைவிட எனக்குத்தான் படபடப்பு அதிகம்.

பெண் கொடுக்கும் முன் பையனின் ஊருக்குப் போய், யாரென்று காட்டிக்கொள்ளாமல் அக்கம்பக்கத்தில் விசாரித்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பையன் குடிப்பானா, அம்மாக்காரி கொடுமைக்காரியா, வீட்டில் கடன் உண்டா என்று டீக்கடையிலும் தெருக்குழாயடியிலும் கேட்பார்கள். சுற்றுலா வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஊரில் யாரும் ஏமாறமாட்டார்கள்.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறியது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து இருபுறமும் வாழையும் நெல்லும். தாமிரபரணி சில இடத்தில் ஆறாகவும் சில இடத்தில் வாய்க்காலாகவும் கூடவே வந்தது. ஆழ்வார்திருநகரியில் பூக்கூடையோடு ஏறிய இரண்டு பெண்கள் குரும்பூர் வரை மருமகள்களைப் பற்றியே பேசினார்கள். எஸ்தர் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி அவ்வளவையும் கேட்டுக்கொண்டு வந்தார். வழியில் கொற்கைக்குப் பிரியும் பாதையைக் காட்டினேன். பாண்டியர் முத்தெடுத்து ஏற்றுமதி செய்த துறைமுகம் இன்று வயலுக்கு நடுவில் கிடக்கிறது, ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது என்றேன்.

"அந்த ஆறு மணப்பாட்டுப் பக்கமும் கொஞ்சம் போயிருக்கலாம்" என்றார் அக்கா. அப்போதுதான் அவர் மனதில் இருப்பது ஆர்.சி.யா, கடலா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒன்பது மணிக்குத் திருச்செந்தூர். பச்சை வேட்டிகளும் பால்குடங்களுமாக ஊர் நிரம்பி வழிந்தது. முருகனுக்குத் தெருவிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு மணப்பாடு போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். பதினெட்டு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குலசேகரப்பட்டினம் தாண்டியதும் பனைகளுக்கு இடையே கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. அடுத்த வளைவில் அந்தக் கோட்டுக்கு மேலே குன்றும், குன்றின் மேல் வெள்ளைக் கோயிலும் எழுந்தன. நானும் எத்தனையோ கோயில் பார்த்தவள், சும்மா சொல்லக்கூடாது, வாயைப் பிளந்துவிட்டேன்.

மணப்பாடு சின்ன ஊர்தான். ஆனால் தெருவுக்குள் நுழைந்தால், கொழும்போடு வியாபாரம் செய்து செழித்த குடும்பங்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள். தேக்குத் தூண், வண்ணக் கண்ணாடி ஜன்னல், வாசலில் மணல். சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் வெள்ளையடித்து, மாடியில் துணி காய்கிறது. ஒரு பக்கம் ஆற்றின் கழிமுகம் கண்ணாடியாகக் கிடக்க, மறுபக்கம் அலை அடித்துக்கொண்டே இருக்கிறது. நடுவே மண்திட்டில் படகுகள் சாய்ந்து நிற்கின்றன.

குன்றடியில் டீ குடித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி போட்டது. கோயிலின் வரலாற்றைக் கேட்டேன். "போர்த்துக்கீசுக்காரன் கப்பல் ஒண்ணு புயல்ல மாட்டிக்கிட்டு, கரை சேந்தா பாய்மரத்த வெட்டிச் சிலுவை நடுதேன்னு நேந்துக்கிட்டானாம். நட்டான். அதுலருந்து வந்ததுதான் இம்புட்டும்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. அவர் மேலே சொல்லத் தொடங்கும் முன்பே எஸ்தர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி, இங்கன கப்பல்ல வேல பாக்குத பையங்க நெறைய உண்டோ?"

"வீட்டுக்கு ஒருத்தன் உண்டும். ஏன், பொண்ணு வச்சிருக்கீயளா?"

அக்காவுக்குப் புரையேறியது. நான் அவசரமாகக் காசைக் கொடுத்துவிட்டு அவரை மேலே இழுத்துக்கொண்டு போனேன்.

மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் கோயிலில் பூசை இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் தெளியக் கொஞ்ச நேரம் ஆனது. உயர்ந்த விதானம், சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி, திறந்த கதவு வழியே அலைச் சத்தம். எனக்கு இந்தக் கோயில் முறை எதுவும் தெரியாது. அதனால் முன்னால் போனவர்களைப் பார்த்து அப்படியே செய்தேன். அவர்கள் வாசல் தொட்டியில் தீர்த்தம் தொட்டார்கள், நானும் தொட்டேன். சிலுவை போட்டார்கள், போட்டேன். முழங்கால் போட்டார்கள், போட்டேன். எஸ்தர் அக்காவோ நேராக உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, ஜிப் உறை போட்ட கனமான வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தேன். மற்றவர்கள் கையில் ஜெபமாலைதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்து அமர்ந்தார். மாநிறம், பெரிய உடம்பு, மல்லிகைப்பூ, கழுத்தில் தடித்த செயின். வேதாகமத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு மரியாதையாகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டார்.

பூசையில் ஒரு கட்டத்தில் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னார்கள். அக்கா முகம் மலர்ந்தது. தெரிந்த பாடம் வந்த பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் குரலில் முழங்கினார். அந்த ஜெபத்தின் கடைசியில் புராட்டஸ்டண்டுகள் கூடுதலாக ஒரு வரி சொல்வார்கள் என்பதும், பூசையில் ஜனங்கள் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோயில் முழுவதும் கப்சிப் என்று நிற்க, எஸ்தர் அக்காவின் குரல் மட்டும் அந்த ஒரு வரியோடு தனியே புறப்பட்டு விதானம் வரை போய்த் திரும்பியது. கண்ணைத் திறந்தார். முன் பெஞ்சில் நாலு தலைகள் திரும்பின. பக்கத்து அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிள்ளையாரைத் தவிர வேறொன்றும் அறியாத நான் தேறிவிட்டேன், பரம்பரைக் கிறிஸ்தவரான அக்கா மாட்டிக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்த அம்மாளே பேச்சுக் கொடுத்தார். "பாளையங்கோட்டையா?" என்று கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டி, "இவ எழுதுதா... கோயிலப் பத்தி..." என்று தடுமாறினார். "நல்லா எழுதட்டும். வாங்க, சுத்திக் காட்டுதேன்" என்றார் அம்மாள். கடலோரக் குகையையும், அலை எட்டும் தூரத்திலேயே உப்புக் கரிக்காத கிணற்றையும் காட்டினார். ஒரு வாளி இறைத்து என் கையில் ஊற்றினார். இனிப்பென்று சொல்லமுடியாது, ஆனால் குடிக்கலாம். பக்கத்திலேயே கலங்கரை விளக்கம். அதன் நிழலில் ஒரு கைப்பிடிச் சுவரில் மூவரும் உட்கார்ந்தோம். கீழே அலை பாறையில் மோதியது. அக்கா எழுந்து போய்ச் சுவரின் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

"உங்களப் பாத்தா நல்ல மனுஷியாத் தெரியுது" என்று தொடங்கினார். "ஒண்ணு கேக்கட்டா? இந்த ஊர்ல ஜெரோம்னு ஒரு பையன், கப்பல்ல இருக்கான். அவங்க அம்மா எப்படி?"

அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அவளா? வாய் ஜாஸ்தி. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டா. கொழம்புல உப்பு ஒரு கை கூடப் போடுவா, சொன்னா ஒத்துக்கிட மாட்டா."

"பையன்?"

"பையன் தங்கம். அத அவளே சொல்லிட்டுத் திரியுதா, நான் வேற சொல்லணுமாக்கும்."

அக்கா வேதாகமத்தின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பிறகு உடைந்துவிட்டார். "எனக்கு ஆர்.சி. பெரிசில்ல. ரெண்டு பேருக்கும் சாமி ஒண்ணுதான். கடல்தாம்மா பயம். எங்க வீட்டுல ஆத்துல குளிச்சதத் தவிர தண்ணியோட ஒரு ஒறவும் கிடையாது. ஆறு மாசம் அவன் அங்கன இருப்பான், எம்புள்ள ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கும். அத நெனச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்கு."

நான் அக்காவின் தோளைத் தொட்டேன். இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

அம்மாள் மடியில் கிடந்த ஜெபமாலையைச் சுருட்டி வைத்தார். "ரெண்டு வாரத்துக்கு முந்தி ஞாயித்துக்கிழமை நான் பாளையங்கோட்டைக்கு வந்தேன்" என்றார். "உங்க கோயிலுக்குத்தான். விசாரிச்சிட்டுப் போலாம்னு. நீங்கதான் வருவீயளோ, எங்களுக்குக் கால் இல்லையா? உள்ள நொழைஞ்சதும் பழக்க தோசத்துல பொசுக்குன்னு முழங்காலப் போட்டேன். பின்னால வந்த ஒரு ஆளு என் மேல தடுக்கி விழப் பாத்தாரு. ஊரே பாத்துச்சு. அப்புறம் பாட்டு. எல்லாரும் எந்திரிச்சுப் பாடுதாக, எங்கிட்டப் புஸ்தகம் இல்ல. பக்கத்துல தனியா நின்ன புள்ள அது புஸ்தகத்த என் பக்கம் நீட்டுச்சு. கண்ணாடி இல்லாம நான் முழிக்கதப் பாத்துட்டு, விரல வச்சு வரிவரியாத் தொட்டுக் காட்டுச்சு. யாருன்னு அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மகன் போட்டோ காட்டிருக்கான். அதுக்கப்புறம் நான் ஒருத்தர்கிட்டயும் விசாரிக்கல மைனி. பஸ் ஏறிட்டேன்."

அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல 'மைனி' என்றதைக் கேட்டு எஸ்தர் அக்கா அவரையே பார்த்தார். "நீங்க..."

"பிலோமினா. உப்பு ஜாஸ்தி போடுதவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் கலந்து ஒரு விக்கல் மாதிரி வந்தது.

பிலோமினா அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடல் பயம் போகாது மைனி, பொய் சொல்ல மாட்டேன். அவுக அப்பாவும் கப்பல்தான். எனக்கு இன்னும் போகல. ஆனா உங்க புள்ள ஒத்தையில உக்காந்து பயப்படாது. நானும் கூட உக்காந்து பயப்படுவேன்."

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்த வீடுகளில் ஒன்றுதான். முன்கூடத்தில் கப்பல் படம், திருக்குடும்பப் படம், ஜெரோமின் பள்ளிக்கூடப் படம். இலை போட்டுவிட்டார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பேச்சு முடியும் முன் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர்கூட 'வேண்டாம், இப்பத்தான் குடிச்சோம்' என்று தப்பித்துவிடுவார்கள். பிலோமினா அம்மாளுக்கும் இது தெரியும். செம்பில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டார்.

அக்கா இலையைப் பார்த்தார். சுவரில் ஜெரோமைப் பார்த்தார். பிறகு மெல்லச் செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நான் சைவம் என்று சொல்லியிருந்ததால் எனக்குத் தனியாக ரசமும் பயறும் அப்பளமும் வந்தன. அக்காவுக்குச் சீலாமீன் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்ததும், "உப்பு ஜாஸ்திதான்" என்றார். உள்ளேயிருந்து, "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினோம். தச்சநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் எத்தனை தூரம் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று நினைத்துப் பார்த்தேன், ஒரு பகல் பயணம்கூட இல்லை. அதற்குள் பாளையங்கோட்டையில் பாட்டுப் புத்தகம் ஒன்று, மணப்பாட்டில் தீர்த்தத் தொட்டி ஒன்று என்று இரண்டு உலகங்கள்.

குலசேகரப்பட்டினத்தில் சிக்னல் கிடைத்தது. அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். பழைய போன், அவர் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"என்ன, விசாரிச்சியா?"

"இல்ல. சாப்பிட்டுட்டு வாறேன்."

அந்தப் பக்கம் டி.வி.யை அணைப்பது கேட்டது. பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப பியூலாகிட்ட நான் சொல்லட்டா, நீ சொல்லுதியா?"

"நானே சொல்லுதேன்" என்றார் எஸ்தர் அக்கா.