பதுளைக் காற்றில் கரி எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு

காற்றில் பறக்கும் தூசியைப் பிடித்து எடைபோடுவதுதான் உத்தியோகம் என்று சொன்னால் யாரும் பெண் தரமாட்டார்கள். எனக்கு மூன்று வீட்டில் தரவில்லை. எழுபதுகளின் கடைசியில் பதுளை நகரத்துக் கூரைகளில் ஏறி இறங்கியவன் நான். மீட்டர் வாசிப்பவர்களே, வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

சாடி

மொட்டைமாடியில் ஒரு கண்ணாடிச் சாடி வைப்போம். பாசி பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்த தண்ணீர் அதில் இருக்கும். ஒரு மாதம் அதில் விழுவதையெல்லாம் வடிகட்டி, காய வைத்து, பிரித்துப் பார்ப்பேன். ஸ்டேஷன் பக்கத்துச் சாடி என்றால் ரயில் பிரேக் தேய்ந்த இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும். பெரிய ரோட்டுச் சாடி என்றால் மண்ணும் டயர்த் துகளும்.

பசாரில் ஒரு முஸ்லிம் நானாவின் அரிசிக் கடை மாடியில் சாடி வைத்திருந்தேன். யாரும் தொடக்கூடாது என்று நான்கு தடவை சொல்லியிருந்தேன். முப்பதாம் நாள் போனால் சாடி பளபளவென்று கவிழ்ந்து கிடக்கிறது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, நானாவின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து ஆறுதல் சொன்னார்: "பாவம் தம்பி, ஒரு மாசமா யாருமே கழுவல்ல போல. சாம்பல் போட்டு நல்லா விளக்கி வெச்சிரிக்கன்."

போறணை

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாண் பேக்கரி. அதன் ரொட்டி சுடும் போறணைப் புகையால் சேலைகளெல்லாம் கறுக்கிறது, மூடவேண்டும் என்று பக்கத்துத் துணிக்கடை முதலாளி மனுக் கொடுத்துவிட்டார்; விசாரித்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு. பேக்கரியை நம்பி எட்டுக் குடும்பம். பேக்கரிக்காரர் ராமையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழப்பே உங்க தாள்லதாங்க இருக்கு" என்றார்.

காற்றை இழுக்கும் பம்பைத் துணிக்கடை வாசலில் வைத்து, மூன்று மணி நேரத்துக்கொரு தடவை அதிலுள்ள வடிதாளை மாற்றினேன். விறகுப் புகை தாரும் சாம்பலுமாகப் பழுப்பாய்ப் படியும்; டீசல் புகை விளக்குக்கரி மாதிரி மையாய்ப் படியும். ராமையா போறணை மூட்டுவது பகல் இரண்டு மணிக்கு. அந்தத் தாள் இளம்பழுப்பு. காலையில் பஸ்களை உறுமவிட்டுச் சூடாக்கும் நேரத்துத் தாளோ அட்டைக் கறுப்பு. ஒருநாள் போறணையை மூட்டாமலே வைத்துப் பார்த்தோம். மறுநாள் காலைத் தாள் அப்போதும் கறுப்புத்தான்.

"பஸ்ஸ எப்படித் தம்பி மூடுறது? பேக்கரின்னே எழுதுங்க" என்றார் முதலாளி. நான் பஸ் என்றே எழுதினேன். மனு தள்ளுபடியானது. ராமையா சீனிபணிஸ் பொட்டலத்தோடு ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் கேட்டார்: "அப்ப என் புகை நல்ல புகைன்னு கவுருமெண்டே சொல்லிருச்சு. ரெண்டாவது போறணையும் கட்டிரலாம்தானேங்க?"

வெள்ளைத் தூசி

ஹாலிஎலப் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளை. அங்கே மரமெல்லாம் வெள்ளை. தாளில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். வேறு சோதனையே தேவையில்லை. சூளை மேற்பார்வையாளர் சிரித்தார்: "வெத்தலைக்குப் போடுற சாமான்தானே, என்ன செய்யும்?"

தட்டிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தார் மாரியாயி. தோட்டத்து வேலை போய் இங்கே வந்தவர். கண் சிவந்து, பேசும்போதே இருமல். மறைப்புச் சுவரும் மூக்குக்குத் துணியும் வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. என் காசில் துணி வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டவர், நான் வடிதாளைப் பத்திரமாக உறையில் போடுவதைப் பார்த்துச் சொன்னார்: "எங்க மூக்குக்குள்ள இருக்கிறதையும் அந்தத் தாள்லயே தொடச்சுத் தாறேன். அதையும் நிறுத்துப் பாக்கச் சொல்லுங்க சார்."

ஆடிக்காற்று

ஆடியில் யாரோ மலையில் மானாப்புல்லுக்குத் தீ வைத்தார்கள். இரண்டு வாரம் நகரமே புகை. எல்லாச் சாடியிலும் எரிந்த புல்லின் கறுப்பு நாக்குகள். காரணத்தை விளக்கி இரண்டு பக்கம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். மேலதிகாரியின் பதில் ஒரே வரி: "நகரத்துத் தூசியைத்தானே கேட்டோம், மலைத் தூசியை ஏன் பிடித்தீர்?"

கரி, சுண்ணாம்பு, இரும்பு என்று எதையும் தூசியிலிருந்து பிரித்துவிடுவேன், ஆனால் "இது என்னால் வந்தது" என்று ஒத்துக்கொள்ளும் ஓர் ஆளைக்கூட என் உத்தியோக காலம் முழுக்க நான் பிடித்ததில்லை.